ஏலே கோட்டி, இன்னொருக்கப் பாரு

ஜூன் 20, வெள்ளி

திருநெல்வேலிக்குப் போயிட்டு வந்தாச்சு. டாக்டர் தொண்டைக்குள்ள ஒரு கம்பியை விட்டு டிவியில படம் காட்டினாரு. என் குரல்நாண்ல பாசிமணி மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு. "எத்தன வருஷமா ஒண்ணாங்கிளாஸ் எடுக்கிய?"ன்னாரு. வேலைக்குச் சேந்ததுல இருந்தே அதான்னேன். "அப்ப வராம என்ன செய்யும்?"னு சிரிக்காரு மனுசன். எனக்குச் சிரிப்பு வரல.

அடுத்த மாசம் ஆபரேஷன். பொறவு வாயைத் திறக்கவே கூடாதாம். குசுகுசுன்னு பேசுறது கத்துறதைவிடக் கெடுதலாம். "குரல் திரும்ப வருமா டாக்டர்?"னு கேட்டேன். "வரும். ஆனா எப்படி வரும்னு இப்பச் சொல்ல முடியாது. வெட்டினதை டெஸ்டுக்கும் அனுப்புவோம், எல்லாருக்கும் அனுப்புறதுதான்"னாரு. என்ன டெஸ்டுன்னு நான் கேக்கல. பக்கத்துல இருந்த எங்க வீட்டுக்காரவியளும் கேக்கல.

இவியளப் பத்திச் சொல்லணும். பேரு சங்கரலிங்கம், பஸ் ஸ்டாண்டு பக்கம் உரக்கடை. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் "யூரியா இருக்கு, பொட்டாஷ் நாளைக்கு வரும்" இதைத் தவிர வாயில இருந்து ஒண்ணு வராது. எங்களுக்குப் பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டுல சத்தம்னு ஒண்ணு கேட்டா அது நான் போடுற சத்தம்தான். நானும் வாயை மூடிட்டா இந்த வீட்டை யாரும் பூட்டிக் கெடக்குன்னுதான் நெனப்பாவ. அதான் உரக்கம்பெனிக்காரன் குடுத்த டைரியை எடுத்து எழுத உக்காந்துட்டேன். வாய் செய்ய முடியாததைக் கையாவது செய்யட்டும்.

ஜூன் 23, திங்கள்

கிளாடிஸ் டீச்சர்கிட்ட விஷயத்தைச் சொன்னேன். எங்க பள்ளிக்கூடத்துல மொத்தமே நாங்க ரெண்டு பேருதான். அவிய தலைமையாசிரியை, நாலும் அஞ்சும் எடுக்காவ. நான் ஒண்ணு ரெண்டு மூணு. "ஒரு மாசம் நீங்க பேசாம இருந்தா சின்னதுங்களை யாரு டீச்சர் மேய்ப்பா?"ன்னு கையைப் பிசைஞ்சாவ. பொறவு மெல்ல, "குரல் சரியா வரலேன்னா உங்களை வட்டாரக் கல்வி ஆபீஸ்ல எழுத்து வேலைக்குப் போட்டுருவாவளோன்னு பயமா இருக்கு"ன்னும் சொல்லிட்டாவ. அடிப்பாவி, அதை நான் நேத்தே நெனச்சு முடிச்சிட்டேன். எழுத்து வேலையாம். எனக்கு ஒரு நாள் பிள்ளைங்க சத்தம் கேக்காட்டி தலைவலி வரும்.

போன வருஷம் பள்ளிக்கூடத்துக்கு ஒரு டேப்லெட் குடுத்து, அந்த டேப்புல விளையாட்டுப் பாடம் செய்யுறதுக்கு ஒரு பயிற்சி வச்சாவ. படத்தை வச்சு, எழுத்தை வச்சு, நம்ம குரலையும் பதிஞ்சு வைக்கலாம். பிள்ளை விரலால எழுத்தை இழுத்துப் படத்துக்கிட்ட விட்டா, சரியா தப்பான்னு அதுவே சொல்லும். நான் அன்னைக்கு வடைக்குச் சட்னி நல்லா இல்லேன்னு சண்டை போட்டுக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் கவனிக்கல. இப்பக் கிளாடிஸ் டீச்சர் பொறுமையா முதல்ல இருந்து சொல்லித்தாராவ.

ஆபரேஷனுக்குள்ள அ முதல் ஃ வரைக்கும் செஞ்சிரணும். நான் ஊமையா உக்காந்திருந்தாலும் என் குரல் பாடம் நடத்தும்லா.

ஜூன் 28, சனி

குரல் பதியுறது லேசுப்பட்ட காரியம் இல்ல. 'அம்மா'ன்னேன், காக்கா கத்துச்சு. 'ஆடு'ன்னேன், குக்கர் விசிலடிச்சுது. 'இலை'ங்கும்போது வாசல்ல உப்புக்காரன் "உப்போய்"ங்கான். ஜன்னலைச் சாத்திட்டு, பேனை நிறுத்திட்டு, போர்வையை இழுத்து மூடிட்டு உள்ள உக்காந்து பேசினேன். வேர்த்து ஊத்திட்டு.

சரியான விடைக்கு ரேடியோவுல செய்தி வாசிக்கிறவிய மாதிரி ரொம்பத் திருத்தமா, "மிகச் சரி! பாராட்டுகள், கண்மணி!"ன்னு சொன்னேன். அது ஒரே தடவையில நல்லா வந்துட்டு. தப்பு விடைக்கு "மீண்டும் முயற்சி செய்"னு சொல்லணும். அதைச் சொல்லச் சொல்லத் தொண்டை அடைக்கு. நாலாவது வாட்டியோ என்னமோ சரியா வாரப்ப, இவிய கதவைத் திறந்து "காப்பி"ன்னாவ. வந்துதே எனக்குக் கோவம். "ஏலே கோட்டி! கண்ண எங்கன வச்சிட்டு வந்த? இன்னொருக்கப் பாரு!"ன்னு கத்திட்டேன். கட்டின புருசனைப் போயி ஏலேங்கேன், என்ன வாயி இது.

இவிய காப்பியை வச்சிட்டுச் சொன்னாவ, "இதுதான் நல்லாருக்கு. இதையே போடு."

கேட்டுப் பாத்தேன். கிளாஸ்ல நான் தெனமும் போடுற சத்தம்தான். தொண்டையும் அதுக்கு மேல ஒத்துழைக்கல. அதையே போட்டுட்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

டேப்புல தயாராக் கெடக்குற படங்கள் எல்லாம் வெளிநாட்டுப் படம். 'ஈ'க்கு ஒரு ஈ இருக்கு, பச்சை நெறத்துல கண்ணாடி போட்டுக்கிட்டுச் சிரிக்கு. எந்த ஊரு ஈ கண்ணாடி போடும்? நம்ம ஊரு ஈயைப் படம் புடிக்கணும்னு புலம்பிக்கிட்டே இருந்தேன். சாயங்காலம் இவிய போனை நீட்டினாவ. கடையில ஒரு துண்டு கருப்பட்டியை வச்சிட்டு, யாவாரத்தை விட்டுட்டு, அதுக்கு முன்னால குத்த வச்சு உக்காந்திருக்காவ. அவ்வளவு ஈ! ஒரு ஈயோட கால் மயிரு வரைக்கும் தெரியுது.

'ஐ'க்கு ஐவர் வேணும். அடுத்த படத்தைத் தள்ளினா, மூட்டை தூக்குறவங்க நாலு பேரு, நடுவுல இவிய. கல்யாணத்துல எடுத்த போட்டோவுலயே தலையைக் குனிஞ்சிக்கிட்டு நின்ன மனுசன், இதுல கேமராவை நேராப் பாத்துக்கிட்டு நிக்காவ.

நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "சட்டையில பட்டன் மாத்திப் போட்டிருக்கிய"ன்னுதான் வாயில வந்துது.

ஜூலை 4, வெள்ளி

முடிச்சாச்சு. ஃ வரைக்கும். குரல் காலையில இருந்தே பாதி வருது, பாதி காத்தாப் போகுது. பிள்ளைங்ககிட்ட, "டீச்சருக்குத் தொண்டையில கட்டி, கொஞ்ச நாள் பேசமாட்டேன்"னேன். பேச்சிராஜ் ஒண்ணாங்கிளாஸ்ல பெரிய வாலு. அவன் எந்திரிச்சு, "அப்பம் எங்கள யாரு டீச்சர் ஏசுவா?"ன்னான். எல்லாம் சிரிச்சுதுங்க. நானும் சிரிச்சேன். பொறவு தண்ணி குடிக்கிற மாதிரி வெளிய போயிட்டேன்.

ஜூலை 7, திங்கள்

நாளைக்குக் காலையில ஆபரேஷன். ஆஸ்பத்திரிக் கட்டில்ல உக்காந்து எழுதுதேன். இவியகிட்ட என்னமாவது நல்ல வார்த்தையாப் பேசிருவோம்னு நெனச்சேன். வாயைத் திறந்தா, "கேஸை மூடினியளா? பாலை உறை ஊத்தினியளா? கொல்லைக் கதவு?" இதுதான் வருது. எல்லாத்துக்கும் உம் கொட்டினாவ. விளக்கை அணைக்கப் போறப்ப, "இன்னும் ஏதாவது கேளேன்"னாவ.

ஜூலை 8

ஆச்சு. வலி இருக்கு. பேசல.

ஜூலை 12, சனி

வீடு. சின்னப்பிள்ளையில விளையாடின சிலேட்டு ஒண்ணு பரண்ல கெடந்துது. அதைத் தொடச்சு வச்சிருக்கேன், எதுன்னாலும் அதுலதான் எழுதிக் காட்டணும்.

இதுல ஒரு கூத்து. நான் பேசாட்டி இவிய பேச வேண்டியதா இருக்கு. மத்தியானம் சாப்பாட்டைப் போட்டு வச்சிட்டு எதிர்ல உக்காந்தாவ. தொண்டையைச் செருமினாவ. "இன்னைக்குக் கீழக்காட்டு ஆளு ஒருத்தன் வந்தான்"னாவ. நான் நிமிந்து பாத்தேன். "டிஏபி உரம் கேட்டான்." சரி. "இல்லேன்னேன்." சரி. "போயிட்டான்." அவ்வளவுதான் கதை. எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துது, சிரிக்கவும் கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. தலகாணியில மூஞ்சியை அமுக்கிக்கிட்டேன். இவியளுக்கு ஒரே பெருமை. ராத்திரிக்கும் ஒரு கதை சொன்னாவ, பூச்சிமருந்தைப் பத்தி.

ஜூலை 16, புதன்

பள்ளிக்கூடம் போயிட்டேன். பேசாம உக்காந்திருக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாரு. கிளாடிஸ் டீச்சர் ஒத்தையில அல்லாடுதாவ, பாவம்.

சிலேட்டைத் தூக்கிட்டுப் பெருமையாப் போனேன். 'உக்காருங்க'ன்னு எழுதிக் காட்டினேன். ஒரு குஞ்சு உக்காரல. அப்பறம்தான் ஒறைச்சுது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்கு எழுத்து தெரிஞ்சா நான் எதுக்குடா சாமி? படிக்கத் தெரியாத பிள்ளைகிட்டச் சிலேட்டை நீட்டிக்கிட்டு நிக்கேன். எனக்கும் கோட்டி புடிச்சுப்போச்சு.

முப்பிடாதிதான் காப்பாத்தினா. ஒண்ணாங்கிளாஸ்ல அவ ஒருத்திதான் எழுத்துக்கூட்டிப் படிப்பா, அவ அக்கா வீட்டுலயே சொல்லிக் குடுத்திருக்கா. எந்திரிச்சு வந்து, கண்ணைச் சுருக்கி, "உ...க்...கா...ருங்க"ன்னா. பொறவு பின்னால திரும்பி இடுப்புல கையை வச்சுக்கிட்டு, "ஏலே, உக்காருங்கல! டீச்சர் சொல்லுதாவ!" அச்சு அசல் நான். அந்தக் கை, அந்தக் கழுத்து. என்னைப் பாத்தா அப்படியா இருக்கேன்?

ஜூலை 18, வெள்ளி

டெஸ்ட் வந்துட்டு. ஒண்ணும் இல்ல. சாதாக் கட்டிதான். இவிய கடையை மத்தியானமே அடைச்சிட்டு அல்வா வாங்கிட்டு வந்தாவ.

ஜூலை 21, திங்கள்

நல்ல சேதி வந்த கையோட ஒரு இடி.

டேப்புல எந்தப் பிள்ளை எத்தனை சரியாப் போட்டுதுன்னு அதுவே கணக்கு வச்சிருக்கும். கிளாடிஸ் டீச்சர் இன்னைக்கு அதைத் திறந்து பாத்துட்டு டேப்பும் கையுமா ஓடி வந்தாவ. ஒண்ணாங்கிளாஸ் மொத்தமும் தப்பு. சும்மா இல்ல, அத்தனை பிள்ளையும், தெனமும். 'அ'வைக் கொண்டுபோய் ஆட்டுக்கிட்ட விடுதுங்க. ஈ எங்கன்னு கேட்டா ஓணானைத் தொடுதுங்க. முப்பிடாதியும்தான். சிலேட்டுல நான் எழுதுறதைக் கடகடன்னு படிக்கிறவ, டேப்புல ஒரு எழுத்துகூடச் சரியாப் போடல.

"வட்டாரக் கல்வி அதிகாரி தேவசகாயம் சார் இந்த மாசக் கடைசியில வாராரு டீச்சர். உங்க கிளாஸைப் பாக்கத்தான்"னாவ. பாவம், சொல்லிட்டு என் கையைப் புடிச்சுக்கிட்டாவ. எனக்குப் புரிஞ்சுது. குரலும் இல்ல, பாடமும் ஏறலைன்னா, எழுத்து வேலைதான்.

ஒரு வாரம் போர்வைக்குள்ள வெந்தது எல்லாம் வீண். நான் கத்தினாத்தான் இதுங்களுக்குப் படிப்பு வரும் போல. அந்தக் கத்தல் இனி வருமோ வராதோ. கோவிச்சுக்கிட்டுச் சாப்பிடாமப் படுத்தேன். பொறவு பசிச்சுது, எந்திரிச்சுச் சாப்பிட்டேன்.

ஜூலை 22, செவ்வாய்

காலையில திருநெல்வேலி. டாக்டர் பாத்துட்டு, "இன்னும் வீக்கம் வத்தல. கூடக் கொஞ்ச நாள் பேசாம இருங்க"ன்னாரு. எனக்கு அழுகை வந்துட்டு. சத்தமில்லாம அழுறது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஜூலை 23, புதன்

இன்னைக்கு நடந்ததை எழுதியே ஆகணும்.

முப்பிடாதியை மட்டும் பக்கத்துல உக்கார வச்சு டேப்பைக் குடுத்தேன். இலை படம் வந்துது. 'இ'கிட்ட விரலைக் கொண்டு போனா. சரியாத்தான் கொண்டு போறா. போயி, நின்னு, என்னை ஒரு பார்வை பாத்துட்டு, விரலை அப்படியே நகட்டி 'ஊ'வை இழுத்து விட்டா. உடனே டேப்பு கத்துச்சு, "ஏலே கோட்டி! கண்ண எங்கன வச்சிட்டு வந்த? இன்னொருக்கப் பாரு!"

அவ மூஞ்சியைப் பாக்கணுமே. தோளைக் குறுக்கிக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு, உடம்பெல்லாம் குலுங்கிச் சிரிக்கா. பின்னால இருந்த அத்தனையும் தலையை நீட்டிக்கிட்டுச் சிரிக்குதுங்க.

சிலேட்டுல எழுதினேன்: 'தெரிஞ்சே ஏன் தப்பு?'

படிச்சா. கால் பெருவிரலால தரையைக் கீறிக்கிட்டே சொன்னா. "சரியாப் போட்டா வேற யாரோ ஒரு அக்கா பேசுதாவ, டீச்சர். தப்பாப் போட்டாத்தான் நீங்க பேசுதிய."

பேச்சிராஜ் பின்னால இருந்து, "ஆமா டீச்சர், அந்த அக்கா எங்கள ஏசவே மாட்டுக்கா"ன்னான்.

நான் என்னத்தைச் சொல்ல. சொல்லவும்தான் முடியாதே. என்னைக் கண்டா இதுங்களுக்குப் பயம்னு இத்தன வருஷமா நெனச்சிக்கிட்டு இருந்தேன். எனக்கு இதுங்க மேல உசுரு. அது இதுங்களுக்கும் தெரிஞ்சிருக்கு.

மத்தியானம் கடைக்குச் சோறு கொண்டு போனேன். உள்ள மூட்டைக்குப் பின்னால இருந்து என் சத்தம் கேக்கு. "ஏலே கோட்டி! கண்ண எங்கன வச்சிட்டு வந்த?" நின்னேன். திரும்பவும் கேக்கு. எட்டிப் பாத்தா, இவிய ஸ்டூல்ல உக்காந்து போனை மடியில வச்சு எழுத்தை இழுத்துக்கிட்டு இருக்காவ. பாடத்தை இவிய போன்லயும் ஏத்தி வச்சிருந்தது எனக்கு மறந்தே போச்சு. என்னைக் கண்டதும் போனைச் சட்டைப்பையில போட்டாவ. "சரியா வேலை செய்யுதான்னு செக் பண்ணிப் பாத்தேன்"னாவ.

செக் பண்ணுதாவளாம். பி.காம் படிச்ச மனுசனுக்கு 'அ'வும் 'ஆ'வும் வித்தியாசம் தெரியலியாம். சோத்தை வச்சிட்டு வந்துட்டேன். வெயிலு கண்ணெல்லாம் எரிஞ்சுது.

ஜூலை 25, வெள்ளி

கோயில்ல ஆடிக் கொடைத் திருவிழா. சாமி பந்தலுக்கு வந்ததும் பொம்பளைங்க குலவை போடணும். எங்க தெருவுல முதல் குலவை எப்பவும் என்னோடதுதான். நான் ஆரம்பிச்சாத்தான் மத்தவிய எடுப்பாவ. இந்த வருஷம் மேளம் நின்னுட்டு, சாமி நிக்குது, எல்லாரும் என் வாயையே பாக்காவ. நான் கையால 'நீங்க போடுங்க'ன்னு காட்டுதேன். ஒருத்தியும் தொடங்க மாட்டுக்கா. பொறவு எதிர்வீட்டு மாரித்தங்கம் கண்ணை மூடிக்கிட்டுத் தொடங்கினா. அவ குலவை நடுவுல ஒடையும், அவளுக்கே தெரியும். போட்டு முடிச்சிட்டு எங்கிட்ட வந்து, "உனக்குச் சேத்துத்தான் போட்டேன்க்கா"ன்னா. அவளைக் கட்டிப் புடிச்சுக்கிட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

ஒரு வேலை செஞ்சேன். சரியா தப்பான்னு தெரியல.

ஏச்சைத் தூக்கிச் சரியான விடைக்கு மாத்திட்டேன். 'மிகச் சரி, கண்மணி'யை அழிச்சே போட்டேன், அந்த அக்கா போயிட்டு வரட்டும். தப்புக்கு ஒண்ணும் கிடையாது. கம்முனு இருக்கும்.

ஜூலை 28, திங்கள்

காலையில ஒரே கலவரம். தப்புத் தப்பாத் தொடுதுங்க, டேப்பு பேசல. "டீச்சர், டேப்பு செத்துப்போச்சு!"ன்னு பேச்சிராஜ் அழுகுற மாதிரி ஆயிட்டான். முப்பிடாதி உக்காந்து யோசிச்சா. பொறவு இலைக்கு 'இ'யை இழுத்து விட்டா. "ஏலே கோட்டி!" அவ்வளவுதான், கிளாஸே குதிச்சுது. அதுக்கப்புறம் நடந்ததை நான் இத்தன வருஷத்துல பாத்ததில்ல. ஏச்சு வாங்குறதுக்காக அடிச்சுப் புடிச்சுக்கிட்டுப் படிக்குதுங்க. தெரியாததுங்க தெரிஞ்சதுங்ககிட்டப் போயி, "ஏட்டி, இது என்ன எழுத்து சொல்லிக்குடுட்டி"ன்னு கெஞ்சுதுங்க. மத்தியானச் சாப்பாட்டு மணி அடிச்சும் தட்டைத் தூக்கிக்கிட்டு ஒண்ணும் ஓடல.

ஜூலை 31, வியாழன்

தேவசகாயம் சார் வந்தாரு. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரரு, மாறுதல்ல வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. வெள்ளைச் சட்டை, சிரிக்காத முகம். கிளாடிஸ் டீச்சர் டேப்பை நீட்டினாவ.

டேப்பை வாங்கி அவரே ஈக்கு 'ஈ'யை இழுத்து விட்டாரு. "ஏலே கோட்டி! கண்ண எங்கன வச்சிட்டு வந்த?" மனுசன் டேப்பைக் கீழ போடப் பாத்தாரு. பிள்ளைங்க கையைத் தட்டுதுங்க. "சார் சரியாப் போட்டுட்டாரு! சார் சரியாப் போட்டுட்டாரு!"

"சரியாப் போட்டா ஏன் திட்டுது? கோட்டின்னா என்னங்க அர்த்தம்?"னாரு.

நான் சிலேட்டை எடுக்கறதுக்குள்ள முப்பிடாதி எந்திரிச்சுட்டா. "கோட்டின்னா கிறுக்கு, சார். ஆனா டீச்சர் சொன்னா அப்படி இல்ல."

அவரு ஒவ்வொரு பிள்ளையாக் கூப்பிட்டாரு. டேப்பை மூடி வச்சிட்டு, போர்டுல எழுதிக் கேட்டாரு. எழுத்தைக் காட்டக் காட்டச் சொல்லுதுங்க. பேச்சிராஜ் மட்டும் 'ஐ'யைக் காட்டினதும், "உரக்கடை மாமா"ன்னான். அதுக்குத்தான் முதல்முதலா அவரு சிரிச்சாரு.

போறப்ப எங்கிட்ட வந்து, "பிள்ளைங்க நல்லாத்தான் படிக்குறாங்க டீச்சர். ஆனா எப்பவும் பேசாம கிளாஸ் நடத்த முடியாதுல்ல? குரல் வரட்டும். வரலைன்னா வேற ஏற்பாடு பண்ணித்தான் ஆகணும்"னாரு. நல்ல மனுசன். சொன்னதும் நியாயம்தான். அந்த நியாயம்தான் வலிச்சுது.

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் கம்பியை விட்டுப் பாத்துட்டு, "ம், ஆறிடுச்சு. எங்க, 'ஈ' சொல்லுங்க"ன்னாரு. எத்தனையோ பிள்ளையை 'ஈ' சொல்ல வச்சவ நான். வாயைத் திறந்தேன். எண்ணெய் போடாத கதவு மாதிரி ஒரு சத்தம். அது என் தொண்டையில இருந்துதான் வந்துதான்னு பின்னால திரும்பிப் பாத்தேன்.

"இதுதாங்க இனிமே உங்க குரல். கொஞ்சம் தெளியும், ஆனா பழைய கனம் வராது. கத்தவே கூடாது, கத்தினீங்கன்னா இதுவும் போயிடும்"னாரு.

பஸ் ஸ்டாண்டுல ரெண்டு பேரும் பெஞ்சுல உக்காந்தோம். இவிய என் வாயையே பாத்துக்கிட்டு இருக்காவ. என்ன பேச? "பசிக்குது"ன்னேன். கரகரன்னு, ரொம்பக் கீழ இருந்து வந்துது. இவிய வேற பக்கம் திரும்பிக்கிட்டு மூக்கை உறிஞ்சினாவ. சளி புடிச்சிருக்காம். "புரோட்டா திம்பமா?"ன்னாவ. ரெண்டு பேரும் ஆளுக்கு மூணு தின்னோம்.

எனக்குப் பயமா இருக்கு. எழுதிட்டேன், எழுதினா என்ன. நாளை மறுநாள் இந்தக் குரலை வச்சிக்கிட்டு எப்படிக் கிளாஸ்ல நிக்கப்போறேன்?

ஆகஸ்ட் 6, புதன்

காலையில சீக்கிரமே போயிட்டேன். பிள்ளைங்க ஒண்ணொண்ணா வந்துதுங்க. வழக்கம்போல ஒரே இரைச்சல். "வணக்கம் பிள்ளைங்களா"ன்னேன். ஒண்ணும் திரும்பல. முன்னாடின்னா ஒரு 'ஏலே' போட்டா ஓட்டு மேல இருக்குற புறா பறக்கும். இன்னொருக்கச் சொன்னேன். முன்வரிசைப் பிள்ளை ஒண்ணு திரும்பி, "டீச்சர் பேசுதாவல!"ன்னுது. கிளாஸ் அடங்கிட்டு. எல்லாம் என்னையே பாக்குதுங்க.

"டீச்சருக்குச் சரியாயிட்டு. இனிமே பேசுவேன்"னேன்.

பேச்சிராஜ் தலையைச் சாய்ச்சு என்னைப் பாத்தான். டேப்பைப் பாத்தான். "இது டீச்சர் குரல் இல்ல"ன்னான். "டீச்சர் குரலு அதுலல்லா இருக்கு."

அவன் பொல்லாப்பாச் சொல்லல. உள்ளதைச் சொன்னான். நாற்காலியில உக்காரணும்னு நெனச்சேன், அது தள்ளிக் கெடந்துது. அப்படியே தரையில உக்காந்துட்டேன். என்ன செய்யன்னு தெரியாம ஒரு கதையைத் தொடங்கினேன். "ஒரு ஊருல ஒரு ஓணான் இருந்துதாம்..."

"கேக்கல, டீச்சர்!" பின்வரிசையில இருந்து.

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் நான் இத்தன வருஷமும் தொண்டையைக் கிழிச்சது. "கேக்கணும்னா கிட்ட வாங்க"ன்னேன். என்னால வேற என்ன செய்ய முடியும்?

வந்துதுங்க. முதல்ல ரெண்டு, பொறவு நாலு, பொறவு பாயை இழுத்துக்கிட்டு எல்லாம். முட்டி மேல ஒண்ணு சாஞ்சுது. முதுகுல ஒண்ணு ஒட்டிக்கிட்டுது. நான் பேசுறது கேக்கணும்னு ஒண்ணை ஒண்ணு "உஷ்"ங்குதுங்க. ஓணான் மரத்துல பாதி ஏறியிருக்கும். முப்பிடாதி என் கழுத்தையே பாத்துக்கிட்டு இருந்தவ, மெல்ல கையை நீட்டி என் தொண்டைக்குழியில வச்சா.

"வலிக்கா டீச்சர்?"

"இல்லட்டி."

கையை எடுக்கல. அவ கண்ணு பெருசாச்சு. "டீச்சர், இன்னொண்ணு பேசுங்க."

"என்ன பேச?"

"ஏல பேச்சிராஜ்!"னு கத்தினா. "டீச்சர் இங்கன இருக்காவல! கையை வச்சுப் பாருல, உள்ள அதிருது!"

அவன் வந்து கையை வச்சான். நான், "ஏலே கோட்டி"ன்னேன், ரொம்ப மெதுவா, அவன் ஒருத்தனுக்கு மட்டும் கேக்குற மாதிரி. பயலுக்கு மூஞ்சியெல்லாம் பல்லு. அதுக்கப்புறம் ஒண்ணு பாக்கியில்லாம வரிசை கட்டி வந்து தொட்டுப் பாத்துதுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஏச்சு, காதுக்குள்ள. வாங்கினதுங்களே மறுபடியும் வரிசையில போயி நின்னுதுங்க. அடுத்த கிளாஸ்ல இருந்து எட்டிப் பாத்த கிளாடிஸ் டீச்சர், "ஒரு சின்ன மைக் வாங்கிக்கிடுவோமா டீச்சர்?"னாவ. பொறவு பாப்போம்னுட்டேன். தேவசகாயம் சாருக்குப் போன் போட்டு, டீச்சர் பேசிட்டாவ, பாடம் நடக்குன்னு அவியளே சொல்லிட்டாவ.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தா கழுத்தெல்லாம் சாக்பீஸும் மிட்டாய்ப் பிசுக்கும். கழுவ மனசு வரல. "என்ன கழுத்துல?"ன்னு இவிய கேட்டாவ. சொல்லத் தொடங்கினேன். டிவியை நிறுத்திட்டு, இவிய எங்கிட்ட நெருக்கமா வந்து உக்காந்து கேட்டாவ.